வளர்ப்பெலியின் பேறுகாலம்

எலி என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது எலிப்பொறிதான். நெற்குதிரை எலியிடமிருந்து காத்து வந்த பரம்பரையில் தோன்றியவர்களுக்கு அஃது இயல்பே. ஆயினும் மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களின் அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்கள் சிலவற்றில், அந்த எலியே இன்று கூண்டில் செல்லப் பிராணியாய் வீற்றிருக்கக் காண்கிறோம். நாய் வளர்க்க இடமில்லை. பூனை வளர்த்தால் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கின்றனர். குழந்தையோ ஏதேனும் ஓர் உயிர் வேண்டுமென்று அடம் பிடிக்கிறது. கடைசியில் தந்தையார் பிராணிக் கடைக்குச் சென்று, கரிய தலையும் வெள்ளை உடலுமாக இரண்டு எலிகளை வாங்கி வருகிறார். இரண்டும் பெண்ணே என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் கூண்டின் மூலையிலிருந்து மெல்லிய கீச்சொலி எழுகிறது. எட்டிப் பார்த்தால், விரல் நுனியளவில் செக்கச் சிவந்த குட்டிகள் பத்து!

இவ்வாறு திகைத்து நிற்கும் இல்லத்தாருக்கும், திகைக்க நேருமுன் விழித்துக்கொள்ள விரும்புவோருக்கும் உதவுமென்று கருதியே இதனை எழுதுகிறோம். எலி ஈனும்போது நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. தாயே எல்லாவற்றையும் செய்துகொள்ளும். நமக்குரிய வேலைகள் பெரும்பாலும் ஈனுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டியவை. அவற்றுள்ளும் இரண்டு தலையாயவை: ஆணைப் பிரித்து வைத்தல், பிறக்கப்போகும் குட்டிகளுக்கு வீடு தேடி வைத்தல்.

முதலில், இவ்வெலி எத்தகையது என்று அறிந்துகொள்வோம். நம் ஊர்க் கூரைகளில் ஓடும் எலியும், சாக்கடையோரத்துப் பெருச்சாளியும் வேறு. கடையில் விற்கும் வளர்ப்பெலி, பழுப்பெலி என்னும் இனத்தைப் பல தலைமுறைகளாகப் பழக்கி உண்டாக்கிய வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், விக்டோரியா அரசியாரின் எலி பிடிப்பவரென்று பெயர்பெற்ற ஜாக் பிளாக் என்பவர், தாம் பிடித்தவற்றுள் நிறம் மாறியவற்றைக் கொல்லாமல் வளர்த்து இனம் பெருக்கி இலண்டனில் விற்றார். 1901-இல் இங்கிலாந்தின் எயில்ஸ்பரி நகரில் மேரி டக்ளஸ் என்னும் அம்மையாரின் முயற்சியால் வளர்ப்பெலிகளும் கண்காட்சியில் இடம்பெற்றன. 1906-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்தில் ஆராய்ச்சிக்கென ஒரு வெள்ளெலி வமிசம் நிலைநாட்டப் பெற்றது. எலியின் கர்ப்பத்தைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் நாம் இன்று நாட்கணக்கும் மணிக்கணக்குமாக அறிந்திருப்பதற்கு இந்த ஆராய்ச்சிக்கூட எலிகளே காரணம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எலி வளர்ப்பதை எதிர்ப்பார்கள். அந்த அச்சத்தை மூடநம்பிக்கையென்று தள்ளிவிடுவது சரியன்று. 1896-இல் மும்பையிலும் 1994-இல் சூரத்திலும் தோன்றிய கொள்ளைநோயின் நினைவு இந்நாட்டை விட்டு இன்னும் அகலவில்லை. அந்நோய் காட்டெலிகளின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுவது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுவதும் உண்டு. ஆகவே வெளியெலி நம் கூண்டை நெருங்காதபடி காப்பதும், கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூண்டைத் துப்புரவு செய்யும் வேலையை வேறொருவர் ஏற்பதும் தவறாமல் நடக்க வேண்டும். பிள்ளையாரின் வாகனமாயிற்றே என்று சமாதானம் சொல்வோரும் உளர். இராஜஸ்தானில் பிகானேர் அருகே தேஷ்நோக் என்னும் ஊரில் கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் பாலும் இனிப்பும் உண்டு உலவுகின்றன. அவற்றிடையே வெள்ளெலி கண்ணிற்படுவது நற்பேறு என்று நம்புகின்றனர். ஆனால் வீட்டுப் பாட்டியை இணங்க வைப்பது கோயிற் கதையன்று. கூண்டு நாற்றமில்லாமல் இருப்பதுதான்.

இனிக் கர்ப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். பெண்ணெலி ஐந்து வாரம் நிறைந்ததுமே கருத்தரிக்கும் ஆற்றல் பெற்றுவிடும். அது முதல் நான்கைந்து நாளுக்கொருமுறை பருவம் வரும். ஆணுடன் ஓரிரவு சேர்ந்திருந்தாலே போதும். கருக்காலம் 21 முதல் 23 நாள். முதல் இரண்டு வாரம் வெளிக்குறி ஒன்றும் தெரியாது. அதன் பின் ஒரு வாரத்தில் வயிறு இருபுறமும் பிதுங்கிப் பேரிக்காய் வடிவாகும், முலைக்காம்புகள் புலப்படும். கடைசி நாட்களில் கிடைத்த காகிதத்தையெல்லாம் கிழித்து மூலையில் குவிக்கத் தொடங்கும். வயிற்றைத் தடவிக் குட்டிகளை எண்ணிப் பார்க்க ஆசைப்படுவோர் உண்டு. அழுத்தினால் கருவுக்குத் தீங்கு நேரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே நன்று.

கடையில் வாங்கும்போதே வாலைச் சற்று உயர்த்திப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஐந்து வாரம் கடந்த ஆணுக்கு விதைப்பை தெளிவாய்த் தெரியும். ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் கிடந்த கடையிலிருந்து வாங்கிய பெண்ணெலி, நம் வீட்டில் வேறு ஆண் இல்லாவிட்டாலும் ஈனக்கூடும். எனவே அத்தகைய கடையிலிருந்து எலி வந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, 23 நாள் வரை விழிப்புடன் இருக்க வேண்டும்.

ஆணைப் பிரிப்பதைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பலரும் இதிலேதான் ஏமாந்துபோகின்றனர். குட்டி ஈன்ற அன்றே தாயெலிக்கு மறுபடியும் பருவம் வந்துவிடுகிறது. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் ஆண் அருகிலிருந்தால், பத்துக் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்த பத்தையும் அது சுமக்கத் தொடங்கிவிடும். பாலூட்டும் காலத்தில் கரு கருப்பையில் ஒட்டுவது சில நாள் தாமதப்படுவதால், இரண்டாம் ஈற்று 22 நாளில் வராமல் 28 நாள் வரையிலும் அதற்கு மேலும் தள்ளிப்போவதுண்டு. வராதென்று நாம் நிம்மதி கொள்ளும் வேளையிலே வந்து நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈற்றொன்றுக்குப் பத்துக் குட்டி, அவற்றில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பிரிக்காமல் விட்டால், மூன்று மாதம் முடிவதற்குள் தாய் மும்முறை ஈன்று முப்பது குட்டி. முதல் ஈற்றில் பிறந்த ஐந்து பெண்களும் ஆளுக்குப் பத்தாக ஐம்பது. பெற்றோர் இருவரையும் சேர்த்து எண்பத்திரண்டு! இரண்டு அறை வீட்டில் எண்பத்திரண்டு எலிகளை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பம் வாழும்? ஆகையால் வயிறு பெருத்ததைக் கண்ட அன்றே ஆணைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுக. தோழியாக இருக்கும் வேறு பெண்ணெலியையும் கடைசி நாட்களில் பக்கத்துக் கூண்டில் வைப்பது நல்லது. வாசனையும் ஓசையும் எட்டும் தூரத்தில் இருந்தால் தனிமைத் துயரம் இராது.

அடுத்தது பேற்றறை. கம்பிக் கூண்டு இதற்கு ஆகாது. பிறந்த குட்டியின் எடை ஐந்தாறு கிராம்தான். அரை அங்குல இடைவெளி இருந்தால் நழுவி வெளியே விழுந்துவிடும். மேல்தட்டும் ஏணியும் உள்ள கூண்டில், தாய் குட்டியை வாயிற் கவ்விக்கொண்டு ஏறும்போது தவறவிடக்கூடும். துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, இரண்டடி நீளத்தில் இருந்தால் போதும். மூடியில் பெரும்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, கம்பி வலையைப் பொருத்திக் கொள்ளலாம். உள்ளே காகிதத் துண்டுகளை நான்கு விரல் உயரம் பரப்பி, மை படாத வெள்ளைத் தாளையும் மெல்லிய துடைதாளையும் நீளமாய்க் கிழித்து ஒரு புறம் போட்டுவிட்டால், கூட்டைத் தாய் தானே கட்டிக்கொள்ளும். பஞ்சும் நூலும் போடுதல் கூடாது. அவற்றின் இழை குட்டியின் காலைச் சுற்றி இறுக்கிவிடும். மணமுள்ள மரச்சீவல், முக்கியமாகத் தேவதாரு, பைன் ஆகியவை எலியின் மென்மையான நுரையீரலைக் கெடுப்பவை. சாம்பிராணிப் புகைக்கும் கொசுவர்த்திச் சுருளுக்கும் அவ்வறையில் இடமே கொடுக்காதீர்கள்.

நம் நாட்டு வீடுகளில் வேறொரு பகை உண்டு. அயல்நாட்டார் எழுதும் எலி வளர்ப்பு நூல்களில் அதற்கு அவ்வளவாக இடமிருப்பதில்லை. அதுதான் எறும்பு. பேற்றுக் குருதியின் வாசனைக்கும் சிந்திய உணவுக்கும் சாரிசாரியாக வந்து, அசையமாட்டாத சிசுக்களை மொய்த்துவிடும். எறும்புக்குப் போடும் நச்சுச் சாக்கட்டியைப் பெட்டியருகே தேய்க்கவே கூடாது. அது எலிக்கும் நஞ்சு. பெட்டியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நெய்ப் பாத்திரத்தைச் சுற்றி நீர் கட்டி வைத்த நம் பாட்டிமாருக்கு இது புதிதன்று.

வெப்பத்தையும் கருதவேண்டும். எலிக்கு வியர்ப்பதில்லை, வாலின் வழியாகவும் உடற்சூட்டை வெளியேற்றுகிறது. 30 பாகைக்கு மேல் போனால் துன்புறும். தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டுகிறபோது, மூடிய பால்கனியில் பெட்டியை வைப்பது கொலைக்குச் சமம். வீட்டின் உள்ளறையில், குளிர்காற்று நேரே மேலே படாத இடத்தில் வைத்து, உறைந்த நீருள்ள புட்டியைத் துணியிற் சுற்றிக் கூட்டுக்கு எதிர்மூலையில் இடலாம். வடநாட்டுக் குளிர்காலத்திலோ இதற்கு நேர்மாறு. மயிரற்ற குட்டி தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாததால் காகிதத்தை இருமடங்காக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. குட்டிகள் தாயை அழைக்கும் குரல் நம் செவிக்கு எட்டுவதேயில்லை. மனிதச் செவி கேட்பது 20,000 அதிர்வு வரையில். கூட்டைவிட்டு விலகிய குட்டியின் ஓலமோ நொடிக்கு 40,000 அதிர்வுக்கு மேற்பட்டது. அதைக் கேட்டே தாய் ஓடிவந்து கவ்விச் செல்கிறது. எலியையும் கொசுவையும் விரட்டுவதாகச் சொல்லிச் சுவரில் செருகும் கேளா ஒலிக் கருவி வீட்டில் இருந்தால் அதனைக் கழற்றிவிடுங்கள். நமக்கு அமைதியாகத் தோன்றும் அறை, அதற்கு ஆலைச் சங்கு ஊதும் இடமாக இருக்கக்கூடும்.

உணவில் பெரிய தொல்லை இல்லை. கர்ப்பத்தின் பிற்பாதியிலும் பாலூட்டும்போதும் புரதம் மிகுதியாக வேண்டும். அவித்த முட்டை, வேகவைத்த பருப்பு, சிறிது பனீர், கோழியிறைச்சி உண்ணும் வீடாயின் உப்பிடாத துண்டு, இவை போதும். எலிக்கென்று விற்கும் உருண்டைத் தீவனம் எப்போதும் இருக்கட்டும். வேகாத ராஜ்மா நச்சுத் தன்மையுடையது, கொடுக்கலாகாது. பாலூட்டும் தாய் வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு உண்ணும். தண்ணீரும் அவ்வாறே குடிக்கும்.

கால்நடை மருத்துவர் எல்லாரும் எலியைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யாரென்று முன்கூட்டியே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்க. நள்ளிரவில் தேடிப் பயனில்லை.

நாள் வந்துவிட்டது. தாய் நிலைகொள்ளாமல் சுற்றும், விலாவை ஒடுக்கி உடலை நீட்டும், சிறிது குருதிக் கசிவு தெரியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு குட்டியையும் பல்லால் இழுத்தெடுத்து, உறையைக் கிழித்து, நக்கித் துடைத்து, நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும். இறந்து பிறந்ததையும் தின்பதுண்டு. கூட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ளவும் இழந்த சத்தை மீட்கவும் இயற்கை வகுத்த வழி இது. குழந்தைகளிடம் இதனை முன்னதாகவே சொல்லிவைத்தல் பெற்றோர் கடமை. சொல்லாமல் விட்டு, எட்டு வயதுக் குழந்தை தானே கண்டுவிட்டால், தன் செல்லத்தை அரக்கியென்று நினைத்து அஞ்சி ஒதுங்கிவிடும். அந்த நேரத்தில் விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியை அடக்கி, எட்டி நின்று பார்த்தால் போதும். குருதி மிகுதியாகப் போய் ஒரு மணி நேரமாகியும் குட்டி வராமலிருந்தாலோ, முதற்குட்டி வந்தபின் வெகுநேரம் முக்கியும் அடுத்தது வராமல் தாய் சோர்ந்து கிடந்தாலோ, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மறுநாள் தாய் வெளியே வந்து உண்ணும்போது, அதனை வேறு பெட்டிக்கு அழைத்துக்கொண்டு கூட்டை விரைவாகப் பார்க்கலாம். கையில் அந்தக் கூட்டுக் காகிதத்தைத் தேய்த்துக்கொண்டால் அன்னிய வாசனை குறையும். மனிதன் தொட்டதனாலேயே பழகிய தாய் குட்டியை ஒதுக்கிவிடாது. அடிக்கடி கலைத்தலே அதனை வெருட்டும். குட்டியின் மெல்லிய தோலின் வழியாக வயிற்றில் வெண்பட்டை ஒன்று தெரியும். அது குடித்த பால். பட்டை தெரிந்து உடலும் கதகதப்பாக இருந்தால் கவலையில்லை. பன்னிரண்டு முலைக்காம்பு உள்ள தாய் பத்துப் பன்னிரண்டு குட்டிகளை எளிதில் வளர்த்துவிடும். தாய் இறந்துவிட நேர்ந்தாலோ கடினம். இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை சொட்டுச் சொட்டாக ஊட்டியும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. பால் சுரக்கும் வேறு பெண்ணெலி கிடைத்தால் அதனிடம் சேர்ப்பதே உள்ள வழிகளிற் சிறந்தது.

அதன்பின் வளர்ச்சி கண்கொள்ளாக் காட்சியாகும். ஒரு வாரத்தில் மயிர் அரும்பும். அப்போதிலிருந்து நாளுக்குச் சில நிமிடம் உள்ளங்கையில் எடுத்துப் பழக்கலாம். பத்து நாளளவில் பெண்குட்டியின் வயிற்றில் காம்புப் புள்ளிகள் தெரியும். ஆண் பெண் பிரித்தறிந்து குறித்துக்கொள்ள அதுவே நல்ல வேளை, மயிர் அடர்ந்தால் மறைந்துவிடும். பதினான்காம் நாளை ஒட்டிக் கண் திறக்கும். மூன்று வாரத்தில் தாய் உண்பதையே தாமும் உண்ணும். ஐந்தாம் வாரம் நிறையுமுன் ஆண்குட்டிகளைத் தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெண்களிடமிருந்தும் பிரித்தே தீரவேண்டும். எலிக்கு முறை தெரியாது.

இங்கே நம்போன்றோர்க்கு உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. கருவுற்ற நாள் முதல் ஆண்குட்டிகளைப் பிரிக்கும் நாள் வரை ஏறக்குறைய எட்டு வாரம். பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்திருப்போம். சினையான எலியையும் பால் கொடுக்கும் எலியையும் இரண்டு நாள் இரயில் வண்டியில், அதுவும் கோடையில், கொண்டுபோவது தகாது. மூன்று நாளுக்குத் தீவனம் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்வதும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபியோ வங்காளியோ மராத்தியரோ, எவராயினும் எலிக்கு அஞ்சாத ஒருவரை இப்போதே பழக்கப்படுத்தி, நீர் மாற்றுவதையும் எறும்புக் கிண்ணத்தை நிரப்புவதையும் நேரில் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையெனில் வீட்டில் ஒருவர் பின்தங்கிப் புறப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமுள்ள நமக்கு, தாய்வீடில்லாத ஒரு சீவன் நம்மை நம்பிக் கிடப்பது விளங்காமற் போகாது.

குட்டிகளுக்கு வீடு தேடுதல் ஈனுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். எலி கூட்டமாக வாழும் பிராணி. ஆகவே ஒரே பாலாக இரண்டிரண்டு கொடுப்பதே முறை. அப்படியானால் பத்துக் குட்டிக்கு ஐந்து இல்லம் வேண்டும். சங்கத்துக் கூட்டத்தில் சொல்லலாம். குழந்தைகளின் பள்ளித் தோழர் பெற்றோரைக் கேட்கலாம். எல்லாக் குட்டிகளையும் மொத்தமாகத் தருமாறு ஒருவர் கேட்டால், எதற்காக என்று விசாரியுங்கள். பாம்புக்கு இரையாக்க வாங்குவோரும் உண்டு. திறந்த வெளியில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். கூண்டில் பிறந்த வெள்ளைக்குட்டி இரைதேட அறியாது, ஒளியவும் அறியாது. பொழுது விடிவதற்குள் பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். பிழைத்தாலோ ஊருக்குத் தொல்லை. நான்கு இல்லம்தான் கிடைத்ததென்றால், எஞ்சிய இரண்டும் நம் வீட்டிலேயே, இரண்டு மூன்றாண்டு ஆயுள் முடியும்வரை இருக்கவேண்டியவை என்று குழந்தைக்கும் கூறிவிடுவது நேர்மை.

குட்டிகள் பிரிந்தபின் தாய் தன் பழைய கூண்டுக்கும் தோழிக்கும் திரும்பலாம். ஆணை மறுபடியும் அதனுடன் சேர்க்க விரும்பினால், விதை நீக்கும் அறுவையைத் தக்க மருத்துவரிடம் செய்வித்த பிறகே சேர்க்கவேண்டும். அறுவை முடிந்தும் சில வாரம் கருத்தரிக்கச் செய்யும் ஆற்றல் ஆணுக்கு எஞ்சியிருக்கும். ஆதலின் எப்போது சேர்க்கலாம் என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டறிந்து, அதுவரை தனிக் கூண்டிலேயே வைத்திருங்கள்.